உள்பக்கத்துப் பனி

டிசம்பர் மாதத்து தில்லியில் கார்க் கண்ணாடியில் பனி படிவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. துவாரகாவில் அந்த அடுக்குமாடி சொசைட்டி வளாகத்துக்குள் வரிசையாக நின்ற கார்கள் எல்லாமே விடிகாலையில் நனைந்துதான் கிடந்தன. டியூட்டிக்குப் போகிறவர்கள் மப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பழைய பனியனோடும் துண்டோடும் வந்து துடைத்துவிட்டுக் கிளம்பினார்கள். இன்பராணியும் துடைத்தாள். அவள் காரில் மட்டும் துணி காய்ந்தபடியே திரும்பியது. கண்ணாடி தெளியவில்லை. ஈரம் உள்பக்கத்தில் இருந்தது.

கதவைத் திறந்து உட்கார்ந்து, முன்கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தாள். பின்சீட்டு ஜன்னலில்தான் ஈரம் அதிகம். அதுவும் ஜன்னல் முழுக்க இல்லை. காலை மடக்கிச் சீட்டில் படுத்திருக்கும் ஒரு ஆளின் வாய் எங்கே வருமோ, அங்கே மட்டும் வட்டமாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்க யாரோ மூச்சு விட்ட மாதிரி. பதினைந்து வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள் இப்படி நினைக்கலாமா என்று தன்னையே கேலி செய்துகொண்டு வண்டியைக் கிளப்பினாள். ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பின்பக்கம் காட்டுகிற சிறிய கண்ணாடியை அவள் நிமிர்த்தவே இல்லை.

கார் வாங்க ஒரே காரணம்தான். மகள் ஹெலனுக்கு இளைப்பு. குளிர்காலம் வந்தால் போதும், அந்த ஏழு வயதுப் பிள்ளையின் நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கிவிடும். போன வருஷம் பனியில் ஆட்டோ கிடைக்காமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினாள். காதுக்குள் அந்த விசில் மெல்லிசாகிக்கொண்டே போனது. அதற்கு மேல் அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. கணவன் பிராங்ளினுக்கு ஏர்போர்ட் கார்கோவில் ஷிப்ட் வேலை, பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அதனால் அவளே டிரைவிங் கற்றாள், அவளே கார் தேடினாள்.

தேடியதும் சும்மா இல்லை. கரோல் பாகில் பழைய கார் விற்கிற கடை கடையாக ஏறி இறங்கினாள். வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே இஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டால் பல கோளாறுகள் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். போனதும் முதல் வேலையாக பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்ப்பாள். சூடு தட்டினால், "பையா, இஞ்சின் டண்டா ஹோனே தோ, மே பைட்தி ஹூ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆறுகிறவரை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். கதவுக்கும் மட்கார்டுக்கும் பெயின்ட் ஒரே நிறமா என்று வெயிலில் பார்ப்பாள். கால்மிதியைத் தூக்கி மோந்து பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற இந்த மதராஸி மேடத்தைக் கண்டாலே ஒரு கடைக்காரன் டீ வாங்கப் போவதாகச் சொல்லி நழுவிவிடுவான். அத்தனை பேரிடமும் ஏமாறாதவள்.

ஏமாந்தது ஜெபராஜ் அண்ணாச்சியிடம்.

அவருக்கும் சொந்த ஊர் நாசரேத், அவளுக்கும் நாசரேத். தமிழ் ஆராதனைக்கு முன்வரிசையில் உட்காருகிறவர். டாக்ஸி விடுவது, பழைய வண்டி வாங்கி விற்பது, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வேலை பார்த்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். "வடக்கத்தியான்ட்ட போயி ஏன் தங்கச்சி அல்லாடுதிய? நான் ஒருத்தன் இருக்கும்போது?" என்று கேட்டார். தில்லியில் அந்தப் பேச்சைக் கேட்டால் நாசரேத்துக்காரிக்கு நெஞ்சு இளகத்தான் செய்யும். மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் வெள்ளைக் கார் நின்றது. அவள் கிட்டே போவதற்குள் அண்ணாச்சி பானெட்டின் மேல் வலது கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். "ஆண்டவரே, இந்த வாகனத்தை உம்முடைய சமூகத்தில் வைக்கிறோம்." சுற்றி நின்ற சபையார் எல்லோரும் தலை குனிந்தார்கள். நீண்ட ஜெபம். ஆமென் சொல்லி முடித்தபோது அவர் கண்களில் தண்ணீர் இருந்தது. அத்தனை பேர் நடுவில், ஜெபித்த கையை எடுங்கள், பானெட்டைத் திறக்க வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? கால்மிதியை எப்படி மோந்து பார்ப்பது? அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கியது. காருக்குள் ஒரு வாசனை. பினாயில் போட்டுக் கழுவினாள், மறுநாள் திரும்ப வந்தது. பின்ஜன்னல் கண்ணாடியை எவ்வளவு இறக்கி வைத்தாலும் சிக்னலில் நிற்கும்போது பார்த்தால் முழுசாக ஏறியிருக்கும். அதை ஏற்றுகிற கைப்பிடி, யாரும் தொடாமலேயே, முனங்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றி நிற்கிற சத்தம் ஒருநாள் அவள் காதில் தெளிவாக விழுந்தது. பிராங்ளினிடம் சொன்னாள். "பழைய வண்டி ராணி, அப்படித்தான் இருக்கும்" என்று அவன் போர்வைக்குள் புகுந்துகொண்டான். ஸ்கூலுக்குப் போகும்போது ஹெலன் பின்சீட்டில் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டால், "ஜகா இல்லை மம்மி" என்றாள். உட்கார இடம் இல்லையாம்.

அடுத்த ஞாயிறு சர்ச் வளாகத்தில் டீக்கும் சமோசாவுக்கும் கூட்டம் நின்றபோது, அண்ணாச்சியை வேப்பமரத்துப் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, வண்டியில ஒரு வாசன வருது. போகவே மாட்டேங்குது."

"கரி வாசனதானே? நாலு நாள் வெயில்ல தொறந்து போடுங்க, போயிரும்."

இன்பராணி டீயைக் குடிக்காமல் அவரையே பார்த்தாள். "நான் கரின்னு சொல்லலையே, அண்ணாச்சி."

அவர் சமோசாவை மென்றுகொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். பச்சைமுத்து என்று ஒரு ஆள். நம்ம பக்கத்து ஆள்தான். அண்ணாச்சிதான் அவனை டாக்ஸி ஓட்ட ஊரிலிருந்து கூட்டிவந்தார். அறை பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார், பார்க்கவில்லை. அவன் அந்தக் காரிலேயே படுத்துக்கொண்டான். போன ஜனவரியில், குளிர் தாங்காமல், கரி போட்ட அங்கீட்டி அடுப்பை உள்ளே வைத்துக் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டுத் தூங்கினான். விடிந்தபோது உயிர் இல்லை.

"எந்திரிச்சு வெளிய வந்திருக்கலாமே?"

"வண்டி களவு போயிரும்னு நான்தான் வெளிய பூட்டுவேன். உள்ள குமிழத் தூக்கினா தொறக்கும்தான், புகை மயக்கத்துல அவனுக்கு எந்தப் பக்கம் கதவுன்னே தெரிஞ்சிருக்காது. கண்ணாடிய மட்டும் தட்டியிருக்கான்."

"தட்டினான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜெபராஜ் அண்ணாச்சி விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தார். "வீட்டு வாசல்லதான வண்டி நின்னுது. கேட்டுது. 'அண்ணாச்சி'ன்னு கூப்பிடவும் செஞ்சான். குடிச்சிட்டு அலம்பல் பண்ணுதான்னு நெனச்சேன். வெளிய அவ்வளவு குளிரு, தங்கச்சி."

அவளுக்குப் பயம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அவமானம். கரோல் பாக் கடைக்காரன் ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பாள். இந்த மனுஷன் அவள் ஊர்ப் பேச்சைப் பேசி, ஆண்டவர் பெயரைச் சொல்லி, அந்த பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டார். அவள் பிள்ளைக்காக வாங்கிய வண்டி என்று தெரிந்தே கொடுத்தார்.

"வண்டிய எடுத்துக்கிடுங்க. இன்னிக்கே."

"ஜெபம் பண்ணிக் குடுத்தத திரும்ப வாங்கினா சபையில என்ன பேசுவாவ? நான் உபவாசம் இருந்து ஜெபிக்கேன். ஒண்ணும் ஆவாது, போங்க."

அன்றைக்கே காரை சொசைட்டியின் பின்சுவரோரம் தள்ளி நிறுத்தி, சாவியைப் பீரோவில் போட்டுப் பூட்டினாள். அதற்கப்புறம் பஸ்ஸில்தான் போனாள். மாடியிலிருந்து பார்த்தால் அந்தக் காரின் கண்ணாடிகள் பகலிலும் பால் ஊற்றின மாதிரி வெளுத்திருக்கும். அவள் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் திரை போட்டாள்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம், வெளிச்சம் போவதற்குள்ளேயே மூடுபனி இறங்கி எதிர் பிளாக்கை விழுங்கிவிட்டது. ஹெலன் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தவள் பென்சிலைக் கீழே வைத்தாள். விசில். இன்பராணி நெபுலைசரை எடுத்து மாட்டினாள், மருந்து புகையாக வரத் தொடங்கியது, கரண்ட் போனது. இன்ஹேலர் கொடுத்தாள். கேட்கவில்லை. எதிர் ஃபிளாட்டைத் தட்டினாள், கல்யாணத்துக்குப் போனவர்கள் திரும்பியிருக்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வண்டியும் இல்லை என்று கேட்டில் காவலிருந்த சௌகிதார் கத்தினான். பிராங்ளின் போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போட்டால், பனியில் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பிள்ளையின் உதட்டோரம் நீலம் பாரித்தது. விசில் மெல்லிசாகிக்கொண்டே வந்தது.

பீரோவைத் திறந்தாள்.

முன்சீட்டில் ஹெலனை உட்கார வைத்து, நான்கு ஜன்னலையும் முழுசாக இறக்கினாள். பனி உள்ளே வந்தது, வரட்டும், கரி வாசனையைவிட அது மேல். ரோடு தெரியவில்லை. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டினாள். அவள் ஓட்டியது கண்ணால் இல்லை, காதால். பக்கத்தில் விசில் கேட்கிறவரை பிள்ளை உயிரோடு இருக்கிறது. உய்ங். நிறுத்தம். உய்ங். நிறுத்தம். அந்த நிறுத்தங்களுக்கு நடுவில், பின்னால், இன்னொரு மூச்சு. பெரிய ஆளின் மூச்சு. கனமாக, கொறகொறவென்று.

அவள் திரும்பவில்லை. இயேசுவே, இயேசுவே என்று மட்டும் சொன்னாள்.

முனங்கல் சத்தம். பின்ஜன்னல் கைப்பிடி. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"மம்மி." ஹெலனின் குரல் கம்மியிருந்தது. "பீச்சே சீட்ல ஒரு அங்கிள். அவர்க்கு டண்ட், குளிருதாம். ஜன்னல் ஷீஷா மூடணுமாம்."

"பாக்காத. மம்மியப் பாரு. மூச்ச இழு."

அவள் பக்கத்துக் கண்ணாடியும் ஏறியது. கையால் அழுத்தினாள். ஏறியது. ஹெலன் பக்கமும் ஏறியது. கரி வாசனை இப்போது வாசனையாக இல்லை, சூடாகவே இருந்தது, முதுகுப்பக்கம் அடுப்புக்கு அருகில் உட்கார்ந்த மாதிரி.

விசில் நின்றது.

எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் உள்ளே அடித்தது. ஹெலனின் முகத்தைப் பார்த்தாள். நீலம் போயிருந்தது. கன்னமும் உதடும் ரோஜா நிறத்தில், இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் இல்லாத அழகோடு இருந்தன. ஒரு நொடி அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி நர்ஸ் விழித்துக்கொண்டாள். மூடின அறையில் கரி மூட்டித் தூங்கி, ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களின் நிறம் அது. பெற்றவர்கள், "நல்லாத்தானே இருக்கான், எழுப்புங்க சிஸ்டர்" என்பார்கள்.

பிரேக். ஓரம். இறங்கினாள். சுற்றி ஓடினாள். கதவு பூட்டியிருக்கும் என்று நினைத்தாள். இல்லை. தொட்டதும் திறந்தது. அகலமாகத் திறந்தது. பனிக்காற்று சீட்டு வரை போனது.

"வா கண்ணு, மம்மிகிட்ட வா."

ஹெலன் திரும்பினாள். தமிழ் சொல்ல வராமல் இந்தியில் தேடுகிற பிள்ளை, நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி தெளிவாகப் பேசினாள்.

"அண்ணாச்சி, நெஞ்ச அடைக்கி. கதவத் தொறங்க அண்ணாச்சி. முழிச்சித்தான இருக்கிய?"

கையை நீட்டினாள். திறந்த கதவின் நடுவே, வெறும் காற்றில், அந்தச் சிறிய உள்ளங்கை எதிலோ மோதி வெளுத்துத் தட்டையாக நின்றது.

இன்பராணி பாய்ந்தாள். அவள் கையும் நின்றது. சில்லென்று இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது, திறந்த கதவை அவள் தோளால் இடித்துக்கொண்டு நின்றாள். தன் உள்ளங்கையைப் பிள்ளையின் உள்ளங்கைக்கு நேராக வைத்து அழுத்தினாள். நடுவில் ஒன்றும் இல்லை. தொட முடியவில்லை.

லாரிகள் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. அவள் கத்தினாள். ஒருவரும் நிறுத்தவில்லை, வெளியே அவ்வளவு குளிர்.

ஹெலன் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகத் தட்டினாள்.