மூன்றாம் காட்சி மகுடம்

1951, டிசம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 3.40.

ஆர்மோனியக்காரர் குணசேகரன் ஒப்பனை அறைக் கதவைத் தள்ளினார். "வாத்யாரே, பெல்லு அடிச்சிடலாமா?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வேண்டிய நாடக வாத்தியார் சுப்புராயன் தரையில் மல்லாந்து கிடந்தார். பின்தலை, சீன் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் இரும்பு எடைக்கல்லின் விளிம்பில் கிடந்தது. கல்லைச் சுற்றி ரத்தம். நெற்றியில் பூசியிருந்த திருநீற்றுப் பட்டை மட்டும் கலையவே இல்லை.

குணசேகரன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வரும்வரை ஓர் ஆளையும் உள்ளே விடவில்லை. அழுதுகொண்டே காவல் காத்தார்.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்கு அது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் தீப்பெட்டி ஆலையிலும் வாரத்தில் ஆறு நாள் முதுகொடிய உழைப்பவர்கள், ஏழாம் நாள் அங்கே ராஜாவாகவும் மந்திரியாகவும் மாறுவார்கள். மறுநாள் சங்கு ஊதியதும் மறுபடி கூலியாள்தான். அன்றைய நாடகம், மன்னனைக் கொன்று முடிசூடும் ஒரு சேனாதிபதியின் கதை. அவனுக்கு ஆசை காட்டுபவள் மனைவி. கடைசியில் அவனைக் கொல்பவன் இளவரசன். பதினெட்டு வருஷமாகச் சேனாதிபதி வேஷம் சுப்புராயனுக்குத்தான். அந்த வேஷத்துக்கு ஏங்காதவன் அந்தக் கிடங்கில் ஒருவனும் கிடையாது.

மாலை 4.15. சப்-இன்ஸ்பெக்டர் தண்டபாணி வந்து இறங்கினார். அவருக்கு முன்னால் வந்திருந்த ஹெட் கான்ஸ்டபிள் ஆறுமுகநயினார் வழக்கையே முடித்து வைத்திருந்தார்.

"ஆள் கிடைச்சாச்சு சார். ரகுபதி, துறைமுகத்துல கிரேன் ஓட்டறவன். இளவரசன் வேஷம். காலையில எல்லார் முன்னாலயும் வாத்தியார்கிட்ட சேனாதிபதி வேஷம் கேட்டிருக்கான். அவர் திட்டி அனுப்பிட்டார். 3.20க்கு இந்த ரூமிலிருந்து வெளியே போனதை நாலு பேர் பார்த்திருக்காங்க."

ரகுபதி ஒரு மூலையில் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தான். நெற்றியில் சந்தனக் கீற்று, இடுப்பில் அட்டைக் கத்தி. அவன் மனைவி மங்கை ஓடிவந்து தண்டபாணியின் எதிரே நின்றாள். குழுவுக்குத் துணி தைப்பவள். ஆறு மாதக் கர்ப்பிணி.

"எசமான், கோவத்துல கத்துவாரு, அவ்ளோதான். கை நீட்ற மனுசன் இல்ல. இவரைத் தூக்குல போட்டுட்டா நானும் வவுத்துல கீற புள்ளையும் எங்க போவோம்?"

தண்டபாணி அவளை உட்காரச் சொன்னார். ரகுபதியிடம் திரும்பினார்.

"3.20க்கு எதுக்குப் போனே?"

"மன்னிப்பு கேக்க, சார்."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சாரு. 'போய் வசனத்தைப் பாருடா'ன்னாரு. அவ்ளோதான் சார்."

"வெளியே வரும்போது வேற யாராவது உள்ளே இருந்தாங்களா?"

"இல்ல சார். அவரு மட்டும்தான்."

4.40. தண்டபாணி அறைக்குள் போனார். சுவரில் ரசம் போன கண்ணாடி. தகரப் பெட்டி மேல் அணைந்த கற்பூரத்தட்டு, அதன் பக்கத்தில் ஜிகினா ஒட்டிய அட்டை மகுடம். எடுத்துத் திருப்பினார். உள்ளே வெள்ளைத் துணி. முன்பக்கம் சிவப்பாக ஒரு கறை.

"ரத்தம் சார்," என்றார் ஆறுமுகநயினார். "அடி விழும்போது போட்டுட்டு இருந்திருப்பார்."

வாசலில் நின்ற குணசேகரன் பதறினார். "அபச்சாரம் பேசாதீங்க! மகுடம் மூணாவது சீன்ல, மேடையிலதான் தலையில ஏறணும். அதுக்கு முன்னாடி வாத்யாரே போட்டுக்க மாட்டாரு. கற்பூரம் காட்டிட்டா ஒரு பய தொடமாட்டான்."

"உள்துணி எப்போ தைச்சது?"

"இன்னிக்கு மத்தியானம், எசமான்," என்றாள் மங்கை. "வேர்வையில ஊறிப்போவுது இல்ல? ஒவ்வொரு நாடகத்துக்கும் புதுத் துணி போடுவேன். தைச்சு நான்தான் பொட்டி மேல வச்சேன்."

5.05. கடைசியாக வேலப்பன். தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி, நாற்பது வயது. இருபது வருஷமாகப் பெண் வேஷம். அதற்காகத் தலைமுடியை வளர்த்து, ஆலையில் அத்தனை பேரின் கேலியையும் வாங்கிக்கொண்டவர். இப்போது சேனாதிபதி மனைவியின் பட்டுப் புடவையில் இருந்தார். கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது. கடைசி வரிசைக்கும் தெரிவதற்காக எண்ணெயில் குழைத்து வைத்த பெரிய குங்குமப் பொட்டு கலைந்திருந்தது.

"பொட்டு ஏன் கலைஞ்சிருக்கு?"

"தலையில அடிச்சிக்கினு அழுதேன் சார். எனுக்கு எல்லாமே அவருதான்."

"இந்த அறைக்குள்ளே வந்தியா?"

"காலையில வந்தது. பொம்பள வேசத்துக்கு மேக்கப்பு பின்னாடி தட்டி மறைப்புல. வாத்யாரைக் கடைசியா உசுரோட பாத்தது அப்பத்தான்."

5.30. தண்டபாணி எல்லோரையும் கூப்பிட்டார். மகுடத்தைக் கையில் வைத்திருந்தார். குரலில் வெற்றி எதுவும் இல்லை.

"நயினார், எடைக்கல்லைப் பாருங்க. ரத்தம் என்ன நிறம்?"

"கறுத்துப்போச்சு சார்."

"இந்தத் துணியில?"

ஆறுமுகநயினார் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "பளிச்சுன்னு சிவப்பா இருக்கு சார்."

"சுத்தி எண்ணெய் ஊறியிருக்கு. ரத்தத்துல எண்ணெய் ஏது? அடிபட்டது பின்மண்டை, கறை இருக்கறது முன்பக்கம். வாத்தியார் நெற்றியில இருந்தது திருநீறு, ரகுபதி நெற்றியில சந்தனம். துணி மத்தியானம் தைச்ச புதுத் துணி. 3.40லேர்ந்து குணசேகரன் யாரையும் உள்ளே விடல. அப்படின்னா அதுக்கு முன்னாலேயே, எண்ணெயில குழைச்ச வேஷப் பொட்டு வச்ச ஒருத்தர் இந்த மகுடத்தைத் தலையில வச்சுப் பார்த்திருக்கார்." அவர் மெல்லத் திரும்பினார். "இந்த நாடகத்துல பொம்பளை வேஷம் ஒண்ணுதான், வேலப்பா. நீ காலையில மட்டும்தான் வந்தேன்னு சொன்னே."

வேலப்பன் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் மேடைப் பக்கம் போனப்புறம், 3.25க்குப் போனேன் சார். 'இருவது வருசமா எவன் எவனுக்கோ பொண்டாட்டியா நின்னுட்டேன். ஒரே ஒரு வாட்டி அந்த வேசத்தைக் குடு வாத்யாரே'ன்னு கால்ல வுழுந்தேன். 'பொங்கலுக்கு ரகுபதிக்குக் குடுக்கறதா முடிவு பண்ணிட்டேன், அவன் கொழுப்பு அடங்கட்டும்னுதான் காலையில திட்டுனேன்'ன்னாரு. அத்தோட வுட்டிருக்கலாம். 'உன் மூஞ்சிக்கு மகுடம் வச்சாலும் பொம்பள மாரிதாண்டா தெரிவே'ன்னு சிரிச்சாரு. ஒரே தள்ளு. கல்லுல போய் வுழுந்தாரு. தூக்கிப் பாத்தேன். மூச்சு இல்ல."

மூலையில் இருந்த ரகுபதி விலங்கிட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். காலையில் கேட்டு மறுக்கப்பட்ட வேஷம் ஏற்கெனவே தன்னுடையதாகத்தான் இருந்தது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மங்கை அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆறுமுகநயினார் சத்தமில்லாமல் விலங்கைக் கழற்றினார்.

"நீ அப்படியே வெளியே போயிருந்தா நாங்க ரகுபதியைத்தான் தூக்குமேடைக்கு அனுப்பியிருப்போம்," என்றார் தண்டபாணி. "மகுடத்தை எதுக்கய்யா தொட்டே?"

"அவரு பொய் சொன்னாருன்னு நிரூபிக்க வேணாமா சார்? அந்தக் கண்ணாடி முன்னாடி போய் நின்னு வச்சிப் பாத்தேன்."

தண்டபாணி கேட்டிருக்க வேண்டாம். ஆனாலும் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

வேலப்பன் புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். மிச்சமிருந்த குங்குமமும் அழிந்தது.

"வாத்யாரு சொன்னதுதான் சார் சரி," என்றார்.

வெளியே, நாடகம் பார்க்க வந்து பாயில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.