மூன்றாம் பக்கத்துக் கையெழுத்து

"ஏங்க, மூணு கையெழுத்தும் மூணு ஆளு போட்ட மாதிரி இருக்கே!"

விசா ஆபீசுக்கு எதிரே, விண்ணப்பம் நிரப்பித் தரும் கடை. டைப்பிஸ்ட் பெண் தாள்களை அவன் பக்கம் தள்ளினாள். அவன் போர்வெல் போடுகிறவன். பாலைவன நாடு ஒன்றில் கிணறு துளைக்க ஒரு கூட்டத்தோடு கிளம்ப வேண்டியவன்.

"முப்பது வயசுலதாங்க எழுதப் பழகினேன். கை அதுபாட்டுக்குப் போகுது..."

"அப்ப கைநாட்டு வெச்சிடுங்களேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மழை ஈரம் காயாத அவனுடைய பெரிய கண்கள் சட்டென்று சுருங்கின.

"அந்தக் காலம் போயிடுச்சுங்க."

தாளைச் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி எங்கே வரப்போகிறான் என்றிருந்தாள். மறுநாள் காலையிலேயே வந்து நின்றான்! கையில் பழைய செய்தித்தாள், அதன் ஓரமெல்லாம் போட்டுப் பழகிய கையெழுத்து. பாஸ்போர்ட்டில் கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கும். இங்கே மேலே சுழித்தது.

"கொஞ்சம் வாலைச் சுருட்டிட்டுப் போடுங்க."

"உங்ககிட்ட ஆட்டுவேனாங்க?"

சிரித்துவிட்டாள்.

நாலு நாள் வந்தான். "அங்க யாரும்மா போறா?" என்று ஆபீஸ் குமாஸ்தாவே கேட்ட நாடு அது.

"என்னதான் இருக்கு அங்க?"

"மணலுங்க. போனு எடுக்காது. மாசம் ஒரு லாரி வருமாம், கடுதாசியும் அதுலதான்."

"ஒடம்புக்கு ஏதாச்சும்னா?"

"லாரி வரணும்..." சிரித்தான். "ஆனா, குடத்தைத் தூக்கிட்டு நாள் பூரா நடக்குற சனங்க. அவங்க வாசல்ல தண்ணி பீச்சி அடிக்கிறப்ப நான் பக்கத்துல நிக்கணும்."

அந்தக் கண்ணில் அப்படி ஒரு ஒளி...

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். நாலு மணிக்கு விசா ஆபீஸ் ஜன்னலை அடைத்துவிடுவார்கள். தாள்களைக் கவரில் போடும்போது பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் வால் மேலே சுழித்திருந்தது!

சொல்லாமல் விட்டால்? திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூட்டம் இவனை விட்டுவிட்டுப் போய்விடும். இங்கேயே இருப்பான்...

கவரை ஒட்டிக் கொடுத்தாள். அவன் சாலையைக் கடந்தான். கையெழுத்து மட்டும் கேட்கும் அந்த மூன்றாம் பக்கத்தின் புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினாள்.

"நில்லுங்க! மூணாம் பக்கம் தப்பு!"

அவன் கவரைப் பிரிக்கவில்லை. தலையைக் குனிந்தான்.

"தெரியுங்க."

"தெரியுமா?"

"உங்களைப் பாத்துக்கிட்டே போட்டேன், வால் ஏறிடுச்சு. சொல்ல வாய் வரல... போகலைன்னா தேவலைன்னு ஒரு நெனப்பு."

"நானும் பாத்துட்டுத்தான் ஒட்டினேன்."

"ஏங்க?"

"ஏனாம்! நீங்க போகக் கூடாதுன்னுதான்... பாவி மனசு கேக்கல. அந்தத் தண்ணியை வேற நெனச்சுத் தொலைச்சேன். பிடிங்க, போடுங்க."

ஆபீஸ் கூரையடியில் நின்று, சுவரில் தாளை வைத்துப் போட்டான். வால் நேராகக் கீழே இறங்கியது.

"இப்ப மட்டும் கை எப்படி சொன்ன பேச்சு கேக்குது?"

"திரும்பி வர்ற ஆளோட கைங்க இது. காத்திருப்பீங்களா?"

அவள் கவரைப் பிரித்துப் புதுத் தாளை உள்ளே மாற்றி வைத்தாள்.

"தினமும் எழுதுவேன். லாரி மொத்தமா சுமந்துட்டு வரட்டும்... ஓடுங்க, நாலாகப் போவுது!"