காம்பு கீழே வெச்ச பழம்

எல்லாரும் சௌக்கியமா கீறீங்களா? கை கால் வலியெல்லாம் தேவலையா? வெயிலு இந்த தபா மண்டைய பொளக்குது, ஒரு சொம்பு மோர பக்கத்துல வெச்சிகினு படிங்க. இது திருப்பதியில ஒரு யூனிவர்சிட்டிக்குள்ள நடந்த விஷயம்.

தேவயானின்னு ஒரு பேட்டன்ட் வக்கீலு. யாராச்சும் புதுசா ஒண்ணு கண்டுபுடிச்சா, அது அவங்களுதுதான்னு பதிஞ்சி குடுக்கிற வேல. கொரல ஒசத்தி பேசவே பேசாது. அவங்க ஆபீஸ பாத்துக்கிறவரு கோவர்த்தனன், ரிடையர்டான ஹெட்கான்ஸ்டபிளு. அவரு நேர் எதிரு, யார பாத்தாலும் உள்ள தள்ளணும்னு துடிப்பாரு.

அன்னிக்கி காலையில ஹர்ஷினி ஓடி வந்துச்சி. நகரி பக்கத்து பொண்ணு. மாம்பழத்து மேல பூசினா ரொம்ப நாளு கெடாத ஒரு பூச்சு கண்டுபுடிச்சி, யூனிவர்சிட்டியிலயே சின்ன கம்பெனி ஆரம்பிச்சிருந்துச்சி. அதுக்காக ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில நல்ல வேலைய விட்டுட்டு வந்த பொண்ணு.

"மேடம், நான் பூச்சு பூசி வெச்ச பழமெல்லாம் அழுகி கெடக்குது. சாயந்தரம் இந்த பூச்ச வாங்குற பெரிய கம்பெனிக்காரங்க பாக்க வராங்க. பழம் நல்லா இருந்தாதான் கையெழுத்து. இல்லன்னா யூனிவர்சிட்டியோட போட்ட ஒப்பந்தப்படி என் பூச்சு யூனிவர்சிட்டிக்கு திரும்ப போயிடும். அவங்க வேற யாருக்கு வேணா குடுத்துக்கலாம்."

"பூச்சுதான் சரியில்லயோ என்னவோ?"

"நேத்து மதியம் கூட கல்லு மாதிரி இருந்துச்சி மேடம். ஒரு ராத்திரியில அழுகுமா?"

"சாவி யாரு கிட்ட?" கோவர்த்தனன் நடுவுல பூந்தாரு.

மூணு பேரு கிட்ட. ஹர்ஷினிக்கு கைடு பாலசுப்பிரமணியன் சாரு, கூட்டாளி மோகன்ராஜு, புது கம்பெனிங்கள கவனிக்கிற மேனேஜரு ஸ்ரீஹரி. ஸ்ரீஹரி கிட்ட இருக்கிறது பொண்ணோட சாவிதான், நேத்து அவரு கேட்டாருன்னு குடுத்துட்டு வந்திருக்குது. கம்பெனிக்காரங்க வர்றதுக்குள்ள ரூம கூட்டிப் பெருக்கணும்னு சொன்னாராம்.

"அவன்தான்! அள்ளிகினு வந்துடட்டா?" கோவர்த்தனன் கெளம்பிட்டாரு.

"ஒக்காருங்க. மத்த ரெண்டு பேரு கிட்டயும் சாவி இருக்குதில்ல?" தேவயானி கார் சாவிய எடுத்துச்சி.

யூனிவர்சிட்டிக்கு போயி பாத்தா, ரூம் பூட்டு ஒடையல. ரூமுக்குள்ள ரெண்டு கூடை. ஒண்ணுல பூச்சு பூசாத பழம், அது அழுகணும், அழுகியும் இருந்துச்சி. இன்னொண்ணுல பூசின பழம். அதுவும் காம்பு பக்கம் கருத்துப்போயி, சொணங்கி கெடந்துச்சி.

தேவயானி எதையும் தொடல. குனிஞ்சி ரெண்டு கூடையும் மாத்தி மாத்தி பாத்துச்சி. "ஏம்மா, நீ பழத்த எப்படி அடுக்குவே?"

"காம்பு மேல பாத்து. காம்புலதான் மொதல்ல அழுகல் வரும், தெனமும் போட்டோ எடுப்பேன்."

பூசாத கூடையில எல்லா காம்பும் மேல. பூசின கூடையில ஒரு காம்பும் கண்ணுல படல. எல்லாம் வைக்கோலுக்குள்ள தல கீழா கவுந்து கெடந்துச்சி.

"கோவர்த்தனன், வெளிய ஒரு மாமரம் பாத்தேன். காம்பு நீளமா விட்டு மூணு காய் பறிச்சிகினு வாங்க."

"திருடன புடிக்க வந்தா மாங்கா பறிக்க சொல்றீங்களேம்மா! உப்பு மொளகாத்தூளும் வாங்கியாரட்டா?"

"வாங்கிட்டு வாங்க, வேணாங்கல."

மூணு பேரையும் கூப்புட்டாங்க. பாலசுப்பிரமணியன் சாரு கடுகடுன்னு, "நான் கெமிஸ்ட்ரி வாத்தியாரு, மாந்தோப்பு காவக்காரன் இல்ல"ன்னாரு. மோகன்ராஜு, "நானு ஆவடிங்க. மாங்காவ ஊறுகா பாட்டில்லதான் பாத்துருக்கேன்"னான். ஸ்ரீஹரி சிரிச்சிகினே, "நாக்கு ஏமி தெலுசு மேடம்? எனக்கு என்னா தெரியும்? பெங்களூருல அபார்ட்மென்ட்ல வளந்தவன்"னாரு.

"ஒண்ணும் இல்ல, புதுசா பூசி காட்ட காய் வேணும். ஆளுக்கு ஒண்ணு காம்பு ஒடிச்சி குடுங்க." தேவயானி மேஜ மேல பேப்பர விரிச்சிச்சி.

வாத்தியாரு ஒடிச்சாரு. பால் சர்ருனு பீச்சி சட்டையில அடிச்சிச்சி. மோகன்ராஜுக்கு கண்ணுகிட்ட தெறிச்சி, "ஐயோ எரியுதே!"ன்னு குழாய்க்கு ஓடினான். ஸ்ரீஹரி பேசிகினே காம்ப மூஞ்சிக்கு அந்தப்பக்கம் திருப்பி, பட்டுனு ஒடிச்சி, காய கவுத்து பேப்பர் மேல வெச்சாரு. கீழ பாக்கக்கூட இல்ல.

தேவயானி அந்த காய வெரலால காட்டுச்சி.

"காய கவுத்து வெச்சா பால் தோல்ல படாம வடிஞ்சிடும், தழும்பு வராது," தேவயானி மெதுவா சொல்லிச்சி. "மாங்கா மண்டியில வளந்த கை மட்டுந்தான் இப்படி வெக்கும். ஆனா கூடையில இருக்கிறது பழுத்த பழம், அதுல வடிய பாலே இல்ல. அதையும் ஒருத்தர் ஒண்ணு விடாம கவுத்து வெச்சிருக்காரு. யோசிச்சி செஞ்சதில்ல, அவசரத்துல கை தானா செஞ்சது. ஹர்ஷினி பழம் அழுகல. அத எடுத்துட்டு வேற பழத்த வெச்சிட்டாங்க."

"யூடியூப்ல பாத்தேன் மேடம்," ஸ்ரீஹரி சிரிப்பு பாதியில நின்னுபோச்சி.

"இருக்கலாம். அப்ப எடுத்த பழம் எங்க? தூக்கி போட்டிருக்க மாட்டாங்க. பூச்சு வேல செய்யுதுன்னு அடுத்த ஆளுக்கு காட்ட அதுதான் சாட்சி. பூச்சு யூனிவர்சிட்டிக்கு திரும்ப வந்தா, அத யாருக்கு குடுக்கலாம்னு சொல்ற எடத்துல யாரு இருக்கிறாங்க? உங்க கேபின் பீரோவ தொறங்க ஸ்ரீஹரி."

தொறக்க மாட்டேன்னாரு. கோவர்த்தனன் பக்கத்துல போயி நின்னாரு, அவ்ளோதான். பீரோவுக்குள்ள அட்டப்பெட்டி. பெட்டிக்குள்ள ஹர்ஷினி பழம், பச்ச கொறயாம.

ஸ்ரீஹரி நாற்காலியில தொப்புனு ஒக்காந்துட்டாரு. "மச்சானுக்கு பழம் ஏத்துமதி கம்பெனி இருக்குது. அவருக்காகத்தான். எங்க நைனா மண்டிதான் வெச்சிருந்தாரு. மண்டிக்காரன் புள்ளன்னு சொல்லியிருந்தா இந்த கேபின்ல ஒக்கார வெச்சிருப்பாங்களா?"

"எங்க நைனாவும் மாந்தோப்புதான் சார்," ஹர்ஷினி சொல்லிச்சி. "நான் யாருகிட்டயும் மறைக்கல."

வாத்தியாரு போன எடுத்து வைஸ்சான்சலருக்கு சொல்லிட்டாரு.

சாயந்தரம் கம்பெனிக்காரம்மா வந்தாங்க. நடந்தத ஹர்ஷினி ஒண்ணு விடாம சொல்லிச்சி. அந்தம்மா மொகம் இறுகிப்போச்சி. "பீரோவுல ஒளிச்சி வெச்ச பழத்த பாத்து நான் எப்படிம்மா கையெழுத்து போடறது? நாளைக்கி நீங்களே மாத்தினதா ஒருத்தன் சொல்லுவான்."

நியாயந்தானே? பொண்ணு கண்ணு கலங்கிடுச்சி. ஆனா கெஞ்சல.

"இந்த பழத்த நம்ப வேணாம் மேடம். உங்க லாரியில வர்ற பழத்துக்கு உங்க எதிர்லயே பூசறேன். உங்க குடோனு, உங்க பூட்டு. சாவிய என் கண்ணுல கூட காட்டாதீங்க. அதுவரைக்கும் வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அந்தம்மா தேவயானிய பாத்தாங்க. "யூனிவர்சிட்டி கிட்ட அதுவரைக்கும் தவணை கேட்டு எழுதி குடுக்கிறேன்"னு தேவயானி தலையாட்டுச்சி.

குடோன்ல பழத்துக்கு பூசி பூட்டி வெச்சிருந்த அந்த நாளெல்லாம் ஹர்ஷினி சரியா சோறு துன்னலயாம். கோவர்த்தனன் தெனமும் அந்த குடோன் தெருவுல டீ குடிக்க போனாரு, யாரும் சொல்லாமயே. குடோன தொறந்தப்ப அந்தம்மா நேரா பழத்துகிட்ட போனாங்க. ஒரு பழத்த எடுத்து அமுக்கி பாத்தாங்க, மோந்து பாத்தாங்க, அறுத்து ஒரு துண்டு வாயில போட்டுகினாங்க. மென்னுகினே இருந்தாங்க.

அப்புறம் கைய நீட்டினாங்க. "பேனா இருக்குதா?"

உங்க வீட்டு புள்ளைங்க பாடுபட்டு செஞ்சத யாராச்சும் தன்னுதுன்னு சொன்னாங்களா? அப்ப நீங்க என்னா பண்ணீங்க? கூச்சப்படாம எழுதி போடுங்க கண்ணுங்களா, ஒண்ணு விடாம படிக்கிறேன்.