கீழ்த்தளத்தின் கடைசி வரிசை

ஆள் நடமாடினால்தான் எரிகிற விளக்கு, பாப்பா கீழ்த்தளத்துக்குள் கால் வைக்கும் முன்பே எரிந்துகொண்டிருந்தது. அலமாரிகளுக்கெல்லாம் அப்பால், கடைக்கோடியில், ஒரே ஒரு குழல்விளக்கு. யாரோ இப்போதுதான் எழுந்து போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் மேலே போக அந்த ஒரு படிக்கட்டுதான் வழி. எதிரே யாரும் வரவில்லை.

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு வேண்டியதைத் தேடிக் கொடுக்கும் நூலகர் அவளுடைய அக்கா. முப்பது வயதாகியும் அக்காவுக்கு அவள் பாப்பாதான். அம்மா போன பிறகு தலை பின்னி, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு ஆளாக்கியவள் அவள். பாப்பா இரங்கற்பாக்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து கணினியில் தேடச் சொல்லிக்கொடுத்ததும் அவளே.

“சும்மா ‘கவிதை’ன்னு போட்டா குப்பையெல்லாம் வந்து கொட்டும். முழுத் தொடரையும் மேற்கோள் குறிக்குள்ள போடு. அறிஞருங்க சரிபார்த்த இதழ் மட்டும் வர்ற மாதிரி வடிகட்டு. நல்ல கட்டுரை ஒண்ணு மாட்டுச்சுன்னா அடிக்குறிப்பைப் புடிச்சுக்கிட்டு பின்னாலயே போ.”

அப்படிப் போனதில் எல்லா அடிக்குறிப்பும் ஒரு பழைய ஆய்விதழையே கைகாட்டின. கணினியில் ஏற்றப்படாத இதழ். பைண்டு செய்த தொகுதிகளாகக் கீழ்த்தளத்தில் இருந்தது.

“நீயும் வாயேன்க்கா.”

“இங்க ஆள் வேணும்ல. நீ போய்ட்டு வா. கடைசி வரிசை.”

சொல்லும்போது அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழ்த்தளம் ஒருகாலத்தில் அத்தானின் பொறுப்பு. ஒருநாள் வேலைக்கு வந்தவர் வீடு திரும்பவில்லை. எவளுடனோ ஓடிவிட்டார் என்று எல்லாரும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அக்கா மட்டும் அவர் சட்டைகளை இன்னும் துவைத்து மடித்து வைக்கிறாள்.

பழைய பசையும் ஈரக் காகிதமும் இரும்பும் கலந்த வாடை தொண்டை வரை இறங்க, எங்கோ சுவருக்குள் தண்ணீர்க் குழாய் முனகுவதைக் கேட்டபடி, பாப்பா கடைசிவரை நடந்தாள். தண்டவாளத்தில் நகரும் உயர அலமாரிகள் இடைவெளியின்றி ஒட்டி நின்றன. சக்கரத்தைச் சுற்றினால் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையச் சந்து விடும். கடைசிச் சந்தை அவள் திறந்தாள். மற்றவை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டன.

அப்போது பக்கத்து வரிசையில் யாரோ பக்கம் புரட்டினார்கள்.

கைகூட நுழையாத இடம் அது. மறுபடியும் புரட்டல். பிறகு ஒரு குரல், மிகத் தணிவாக, செய்யுள் வாசித்தது. ஒவ்வோர் அடி முடிவிலும் நின்றது. அவள் மூச்சு விட்டதும் அடுத்த அடிக்குப் போனது.

தூணில் மாட்டியிருந்த தொலைபேசிக்கு ஓடினாள்.

“அக்கா, மூடின அலமாரிக்குள்ள யாரோ படிக்கிறாங்க.”

“பயப்படாத கண்ணு. நான் வர்றேன். நீ திறந்தியே, அந்தச் சந்துக்குள்ள போய் நில்லு. அதுதான் பத்திரம்.”

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். போய் நின்றாள்.

படிக்கட்டில் பழகிய செருப்புச் சத்தம். பாப்பாவுக்கு உயிர் வந்தது. சத்தம் நெருங்கியது. நின்றது.

சக்கரம் சுற்றியது.

“அக்கா! நான் உள்ள இருக்கேன்!”

“தெரியும் பாப்பா.” அக்கா அழுதுகொண்டிருந்தாள். “ஒரு ஆளைக் குடுத்தா உன் அத்தானை விட்டுடறேன்னு இங்க இருக்கிறது சொல்லுச்சு. தினமும் கூப்பிடுது. நான் என்னடி பண்ணுவேன்?”

“நான் உன் தங்கச்சிக்கா!”

“அதனாலதான்டி. நான் கூப்பிட்டா நீதான் வருவே.”

அலமாரி தோளைத் தொட்டது. பிறகு முதுகை. பிறகு மார்பை. நின்றது. அசைய முடியவில்லை. கண்ணுக்கு நேரே, இரண்டு தொகுதிகளுக்கு நடுவில், விரலளவு இடைவெளி.

அதன் வழியே பார்த்தாள். பக்கத்து வரிசை தானாக விலகியது. அத்தான் வெளியே வந்தார். அதே நெற்றி. அதே வெள்ளைச் சட்டை. அக்கா அவர் காலரில் படிந்த தூசியைத் தட்டிவிட்டாள். கன்னத்தைத் தடவினாள். பாப்பா இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாப்பாவின் பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது.

“பாப்பா...”

அத்தானின் குரல். அவளுக்குப் பின்னால். இருட்டுக்குள்.

“அவ கூட்டிட்டுப் போறது என்னை இல்லம்மா.”

கத்த வாய் திறந்தாள். நெருக்கிய இரும்பு மூச்சுவிட இடம் தரவில்லை.

வெளியே, அந்த ஒற்றை விளக்கின் கீழ், அக்கா கண்களை மூடி அதன் மார்பில் முகம் புதைத்திருந்தாள். அது அவளைக் கட்டிக்கொண்டது. அவள் தலைக்கு மேல் அதன் வாய் திறந்தது.

திறந்தது.

இன்னும் திறந்துகொண்டே இருந்தது.