தக்கைப் பெட்டியில் நாற்பது வண்டுகள்

பொதுமக்களுக்கும், பூச்சிகளுக்கும், இனிப் பிறக்கப்போகும் சந்ததிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: அருங்காட்சியகத்தின் இயக்குநர் தம் திருப்பெயரைப் புதிய வண்டு இனம் ஒன்றுக்கு வழங்க மனமுவந்து இசைந்திருக்கிறார். வண்டின் சம்மதம் கேட்கப்படவில்லை.

அதைப் பரிசோதிக்கும் வேலை அவளுடையது. பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியை. இது புதிய இனம்தான் என்று மாலைக்குள் சான்றிதழ் எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒப்பந்தம் இன்றோடு சரி.

நாற்பது வண்டுகளை ஊசியால் குத்தி வைத்திருந்த தக்கைப் பெட்டியின் மூடியைத் திறந்ததுமே, மருந்து நெடியும் கருகிய ரப்பரும் கலந்தாற்போல ஒரு கார வாடை மூக்கில் ஏறியது. மரப்பட்டைக்கு அடியில் வாழும் இந்தக் கரிய வண்டுகள், யாராவது சீண்டினால் விடுகிற வாடை. உயிரோடு இருந்தால் விடுகிற வாடை. இவை ஊசியில் ஏறி மூன்று வாரம் ஆகிறது.

திடுக்கிடும் பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. முதல் வண்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். கண், அவரை விதைபோல, உணர்கொம்பின் அடியில் உள்வாங்கியிருந்தது. சரி. முன்கால் பாதத்தில் ஐந்து கணு, நடுக்காலில் ஐந்து, பின்காலில் நான்கு. இருள்வண்டுக் குடும்பம்தான். தரையில் திரியும் பங்காளிகளைவிட நீண்ட கால்கள். பட்டையைப் பற்ற, பாதத்தின் அடியில் மஞ்சள் மயிர். மரவாசி. மேலிறக்கையின் பச்சை மினுக்கம் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எழுதப் பேனாவைத் திறந்தவள், கன்னத்தில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. தக்கையை நகத்தால் மெல்லச் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம். மூச்சை அடக்கி, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினாள்.

நாற்பது வண்டுகளும் நடந்துகொண்டிருந்தன. முதுகில் ஊசியோடு. நின்ற இடத்திலேயே.

மூச்சு விட்டாள். நாற்பதும் கால்களை மடக்கிக்கொண்டன.

கதவு திறந்தது. இயக்குநர்.

"என்னம்மா, நம்ம ஆளு தேறுவாரா?"

"சார், இதுங்க உயிரோட இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். "மூணு வாரமா ஊசியில இருக்கும்மா. செத்த மாதிரி நடிக்க இது என்ன நம்ம ஆபீஸா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

"ரெண்டு நிமிஷம் அசையாம நின்னு பாருங்க சார்."

"அசையாம நிக்கிறதா? மேல பத்திரிகைக்காரங்க காத்திருக்காங்க. கையெழுத்தப் போட்டு எடுத்துட்டு வா."

போய்விட்டார்.

அவள் மறுபடி மூச்சை அடக்கினாள். சுரண்டல் தொடங்கியது. பெட்டியிலிருந்து. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து. அங்கே கூரைவரை அலமாரிகள். எண்பது வருடச் சேகரிப்பு. அவள் பிறப்பதற்கு முன்பே குத்தப்பட்டவை. பட்டாம்பூச்சிகள். வெட்டுக்கிளிகள். இழுப்பறைகள் அதிர்ந்தன. எல்லாக் கால்களும். ஒரே தாளம்.

நெஞ்சு முட்டியது. மூச்சு விட்டாள்.

நின்றது. எல்லாம். அவள் அசையாமலிருக்கக் காத்திருந்தது.

சான்றிதழ்ப் படிவத்தில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மாதிரியின் நிலை: உயிருள்ளது, இறந்தது. இரண்டாவதை வட்டமிட்டுக் கையெழுத்துப் போட்டாள். விரல்களில் எந்த உணர்ச்சியும் இல்லை.

வேலை நிரந்தரமானது. ஓய்வு பெற இன்னும் இருபத்திரண்டு வருடம் இருக்கிறது.