ஒன்பதாம் எண் வீட்டின் படிக்கட்டு

மதியம் 1.25.

சங்க அலுவலகத்து இரும்பு அலமாரியைத் திறந்த ஒபேலியா டீச்சர் மேல்தட்டைத் தடவினார். கீழ்த்தட்டைத் தடவினார். கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உறையைக் காணோம்.

ஜன்னலுக்கு வெளியே விருந்து நடந்துகொண்டிருந்தது. லுகாய் ஆற்றுப் பாலத்தின் அடியில் ஆண்டுக்கணக்காகத் தகரக் கூரைக்குள் குடியிருந்த இருபத்துநான்கு குடும்பங்கள், தாங்களே மண் சுமந்து கட்டி முடித்த இருபத்துநான்கு மாடி வீடுகளுக்கு முன்னால், முழுப் பன்றி வறுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

அவர்களைச் சேர்த்துக் கட்டவைத்தது பாலாய் வீட்டுச் சங்கம். அதன் தலைவர் ஒபேலியா டீச்சர். சங்கத்துக்கு ஒரு விதி உண்டு, அதில் மட்டும் டீச்சர் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. எது யாருடைய வீடு என்று கட்டி முடிக்கும் நாள்வரை ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அவரவர் சுவருக்குச் சிமெண்டும் அடுத்தவர் சுவருக்கு மணலும் போகும் என்பது அவருடைய கணக்கு. மனிதர்களைப் பற்றி அவர் போட்ட கணக்கு அநேகமாகத் தப்பியதில்லை.

அஸ்திவாரம் தோண்டும் முன்பே குடும்பத்துக்கு ஒருவராக இருபத்துநான்கு பேர் ஒரு வெற்றுத்தாளின் பின்புறம் பெருவிரல் ரேகை வைத்தார்கள். பங்குப் பாதிரியார் அதைத் தன் அறைக்கு எடுத்துப்போய், தனியாகச் சீட்டுக் குலுக்கி, முன்புறம் பெயர்களையும் எண்களையும் எழுதி உறையில் போட்டு ஒட்டினார். ஒட்டின இடத்தின்மேல் சங்க நிர்வாகிகள் கையெழுத்திட்டார்கள். பாதிரியார் சென்ற தவக்காலத்தில் காலமானார். அந்தப் பட்டியலுக்கு நகல் கிடையாது.

இன்று மூன்று மணிக்கு எல்லோர் முன்னாலும் உறையைப் பிரிக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் நகராட்சி வீட்டுப் பிரிவு அதிகாரி துபாஸ் அம்மாளின் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீடுகள் நகராட்சியின் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். அதில் ஆறாயிரம் பேர் இருந்தார்கள்.

மதியம் 1.40.

டீச்சர் கூப்பிட்டு அனுப்பியது சங்கச் செயலாளர் மெர்லிங்கை. ஐம்பத்தாறு வயது, குள்ளம், சத்தமில்லாத ரப்பர் செருப்பு. நகரத்துப் பெரிய துணிக்கடையில் இருபத்திரண்டு வருடம் திருட்டுக் கண்காணிப்பாளராக இருந்தவள். உள்பாவாடைக்குள் இஸ்திரிப்பெட்டியை மறைத்தவளை நடையை வைத்தே பிடித்தவள் என்று பேர். அவளும் பாலத்தடிக்காரிதான். போன வெள்ளத்தில் அவள் படுக்கையே ஆற்றோடு போயிற்று.

"பன்னெண்டு மணிக்குப் பாத்தீங்களா?"

"நீயும்தானே கூட இருந்த. கோப்புக்கு நடுவுல இருந்தத எட்டிப் பாத்துட்டுப் பூட்டினேன்."

"பூட்ட உடைக்கல. சாவி யார் யார்கிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு, தியோனிங்கிட்ட ஒண்ணு, ரோடெல்கிட்ட ஒண்ணு."

"ஒரு பூட்டுக்கு மூணு சாவியா? நல்ல பாதுகாப்பு டீச்சர். கடையில இப்படி வச்சிருந்தா மொதலாளி என்னைத்தான் உள்ள தள்ளியிருப்பாரு."

தியோனிங் குடியிருப்போர் தலைவர், தச்சர், வாய்ச்சண்டைக்குப் பேர் போனவர். ரோடெல் சங்கத்தின் இன்ஜினியர். வீட்டுக்கு வரைபடம் போட்டதும் கட்டுமானத்தை மேற்பார்த்ததும் அவர்தான். அவருடைய மாமியார் பாசிங் கிழவியும் அந்த இருபத்துநான்கு குடும்பத்தில் ஒருத்தி என்பது ஊரறிந்த விஷயம். மருமகன் தன் வீட்டுக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டும், "எனக்குன்னு ஒரு கதவு வேணும்" என்று கைத்தடியோடு பாலத்தடியிலேயே கிடந்தவள்.

மெர்லிங் முதலில் குடியிருப்பின் வெளிக்கதவைப் பூட்டச் சொன்னாள். பிறகு வீடு வீடாகத் தேடப் போனாள்.

மதியம் 2.10.

லுகாயில் படியேறுகிறவர்கள் எல்லோரும் மனசுக்குள் பொன், வெள்ளி, சாவு, மறுபடி பொன், வெள்ளி, சாவு என்று எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். குடித்துவிட்டு வருகிறவன்கூட எண்ணுவான். கடைசிப் படி சாவில் முடிகிற வீட்டில் நாய்கூட தங்காது என்பார்கள். அதனால் ரோடெல் எல்லா வீட்டுக்கும் பதினோரு படி வரைந்திருந்தார். முடிவது வெள்ளி. ஏழைக்கு வெள்ளி போதாதா என்று எல்லோருக்கும் திருப்தி.

மெர்லிங் எட்டு வீடு ஏறி இறங்கினாள். உறை இல்லை. ஒன்பதாவது வீட்டில் மாடிக்குப் போய்ச் சேர்ந்தவள், தேடாமல் அப்படியே நின்றாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். எட்டு வீட்டிலும் முனகின முழங்கால் இங்கே முனகவே இல்லை. மிச்சப் பதினைந்து வீட்டையும் பார்த்து முடித்தபோது மணி மூன்றாகியிருந்தது.

பிற்பகல் 3.05.

அதற்குள் சேதி கசிந்துவிட்டது. தியோனிங் ஐஸ் வாங்கப் போய் இருபது நிமிஷம் தாமதமாக வந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மூலை வீட்டின்மேல் அவருக்கு ஒரு கண் என்று யாரோ சொன்னார்கள். ஒருவன் சட்டைக்காலரைப் பிடித்தே விட்டான். மெர்லிங் கையை விலக்கி அவரை அலுவலகத்துக்குள் இழுத்துப் போனாள்.

"ஐஸுக்கு இருபது நிமிஷமா அண்ணே?"

"கடையில கூட்டம். போய்க் கேட்டுக்கோ. என்னைத் திருடன்னு சொல்றவனுக்கு நாளைக்கு ஆப்பு வைக்கிறேன்."

"அத அப்புறம் வைங்க. வீட்டுக்கு எத்தனை படி?"

"இதென்ன கேள்வி? பதினொண்ணு. எல்லாம் நாங்க மாட்டினதுதான். ஒம்பதாம் நம்பர் மட்டும் ஆள் பத்தலன்னு ஞாயித்துக்கெழமையில இன்ஜினியரே மாட்டினாரு. எங்களப் பூசைக்குப் போங்கடான்னு அனுப்பிட்டாரு."

"அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குள்ள போனீங்களா?"

"எங்க போறது? பெயின்ட் காயலன்னு பூட்டியே கெடந்துச்சு. இன்னைக்குக் காலையிலதான் தொறந்தாங்க."

அடுத்து ரோடெல். நாற்பது வயது, சலவைச் சட்டை, தலையில் மஞ்சள் நிறக் கட்டட வேலைத் தொப்பி. நிதானமாக உட்கார்ந்தார்.

"சாப்பாட்டு நேரத்துல எங்க இருந்தீங்க சார்?"

"ஒலிபெருக்கி ஒயர் அறுந்துபோச்சு. அதைச் சரிபண்ணிட்டு அப்புறமாத்தான் பந்தியில உக்காந்தேன்."

"எல்லா வீட்டையும் நீங்கதானே கடைசியாப் பாத்துக் கையெழுத்துப் போட்டது?"

"ஒவ்வொரு அறையும் பாத்தேன். மாடி, கக்கூஸ், எல்லாம்."

"படி எத்தனை?"

"பதினொண்ணு."

"எல்லா வீட்லயுமா?"

"இருபத்துநாலுலயும். என்னக்கா, எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் சார். அதான் கேட்டேன்."

மாலை 4.15.

விருந்துக் கொட்டகையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். துபாஸ் அம்மாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். மெர்லிங் நடுவில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. அவளுக்கு அது பழக்கமும் இல்லை.

"எடுத்தது தியோனிங் அண்ணன் இல்ல. ஐஸ் கடைக்காரர் வெளிக்கதவுகிட்ட வந்து சாட்சி சொல்லிட்டாரு. டீச்சர் அலமாரியத் தொறக்கப் போற வரைக்கும் சோறு போட்டுட்டிருந்தாங்க, எல்லாரும் வாங்கித் தின்னீங்க. மிச்சம் ஒரு சாவி."

ரோடெல் சிரித்தார். "உறையை எடுத்து எனக்கு என்ன லாபம்?"

"இன்னைக்கு லாபம் எதுவும் இல்ல சார். லாபம் எப்பவோ வந்தாச்சு. ஒம்பதாம் நம்பர் வீட்டுக்குப் பதிமூணு படி."

கூட்டம் ஒரு கணம் விரல்விட்டு எண்ணியது. பொன்னில் முடிகிறது. முணுமுணுப்பு எழுந்தது.

"மரம் பத்தாம மாத்தியிருப்பேன், ஞாபகம் இல்ல" என்றார் ரோடெல்.

"மரம் பத்தலன்னா படி குறையும். கூடாது. அதே உயரத்துக்குப் பதிமூணு படி வச்சா ஒவ்வொரு படியும் தாழ்வா இருக்கும். முட்டி தேஞ்சவங்க ஏறுறதுக்குச் சுகமா இருக்கும். பொன்னுக்குப் பொன்னும் ஆச்சு. ஒரே ஒரு வீட்டுக்கு இவ்வளவு பாசம் எதுக்கு? அது யாருக்குன்னு தெரிஞ்சாத்தானே பாசம் வரும்? உறைய அந்தப் படி மாட்டுறதுக்கு முன்னாடியே பிரிச்சுப் பாத்துட்டீங்க. பிரிச்சதில கையெழுத்து கிழிஞ்சிருக்கும். இன்னைக்கு மூணு மணிக்கு எல்லார் முன்னாடியும் உறையத் தூக்கிக் காட்டுறதா இருந்துச்சு. அதான் ஒளிச்சீங்க."

"படியில ஒருவேளை நான் கவனிக்காம..."

"லுகாய்ல பொறந்தவர், ஒவ்வொரு மாடியும் ஏறிப் பாத்தவர், எண்ணாம ஏறினீங்களா?"

ரோடெல் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்புறம் இன்னொண்ணு. கட்டட வேலை முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. எல்லாரும் நல்ல துணி போட்டு வந்திருக்கோம். பந்தியில உக்காந்து சோறு திங்கும்போதும் இந்தத் தொப்பியக் கழட்டல நீங்க. தலையில என்ன சார் விழப்போவுது, பன்னியா?"

யாரும் சிரிக்கவில்லை. ரோடெல் தொப்பியைக் கழற்றினார். உள்பட்டைக்குள் நாலாக மடித்த உறை இருந்தது.

"எரிச்சிடத்தான் நெனச்சேன்" என்றார். "முடியல. இருபத்துநாலு பேரு அதுக்குள்ள இருக்காங்க."

துபாஸ் அம்மாள் உறையைப் பார்த்தார். மேல்மடிப்பு கிழிந்திருந்தது. அவர் தாளை வெளியே எடுத்து, திருப்பி, பின்புறத்து ரேகைகளை விரல் வைத்து எண்ணினார். அவசரமே படவில்லை. இருபத்துநான்கு.

"உறை எப்படியோ போகட்டும். தாள் சரியா இருக்கு" என்று சொல்லி வாங்கிய நேரத்தை எழுதினார். மாலை 4.40.

பெயர்களை வாசித்தார்கள். இருபது, மெர்லிங். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூலை வீடு தியோனிங்குக்கு விழவில்லை. ஒன்பது, பாசிங்.

கிழவி கைத்தடியை ஊன்றி எழுந்தாள். மருமகன் முன்னால் போய் நின்றாள்.

"எனக்காகவா செஞ்ச?"

"உங்க முட்டிக்காக, அத்தை."

"இங்க எத்தனை பேருக்கு முட்டி வலி தெரியுமா ஒனக்கு? இவளுக்கு வலி. அந்தா, அவனுக்கு இடுப்பே போச்சு. உன் கண்ணுக்கு என் முட்டி மட்டுந்தான் தெரிஞ்சுதா?"

டீச்சர் ரோடெல் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். பதவி போயிற்று. போலீசுக்குச் சொல்லலாமா என்று யாரோ கேட்டார்கள். பாசிங் திரும்பினாள்.

"போலீஸ் வந்து படி மாட்டுமா? பதிமூணு போடத் தெரிஞ்ச கை. மிச்சம் இருபத்துமூணு வீட்டுக்கும் இவனே போடட்டும். மரமும் இவன் செலவு."

டீச்சர் யோசித்தார். தியோனிங்கைப் பார்த்தார். திருட்டுப் பழியில் காலர் கசங்கியவர் அவர்தான் என்பதால் அவர் சொல்வதே சரி என்று விட்டுவிட்டார்.

"ரம்பம் நான் தாறேன். கூலி மட்டும் கேக்கப்படாது" என்றார் தியோனிங்.

மறுநாள் காலையிலிருந்து ரோடெல் அறுத்தார். முதல் வீட்டில் தொடங்கினார். மற்ற குடும்பங்கள் பாலத்தடியைக் காலி செய்து ஒவ்வொன்றாகக் குடிபுகுந்தன. படி தயாரான வீட்டில் எண்ணி ஏறிப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரு கோப்பை காப்பி கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு.

ஒன்பதாம் எண் வீட்டின் சாவியைப் பாசிங் வாங்க மறுத்துவிட்டாள். கடைசி வீட்டுப் படி முடிகிறவரை, ஐந்து வாரம், பாலத்தடியில் தன்னந்தனியாக இருந்தாள். இரண்டு தடவை தண்ணீர் ஏறியது. ரோடெல் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் போய் வரச்சொல்லிக் கெஞ்சினார். அவள் ஒவ்வொரு நாளும் ஒன்றைத்தான் கேட்டாள்.

"இன்னும் எத்தனை வீடு?"