சாக மறுத்த கிருமி

போன் அலறியது.

பெண் இன்ஸ்பெக்டர் எடுத்தாள். ஏழாம் மாதம். விடுப்பில் இருந்தாள்.

மறுமுனையில் அவளைப் பார்க்கும் லேடி டாக்டர்.

"உங்க யூரின்ல கிருமி அப்படியே இருக்கு. மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?"

"ஒரு வேளைகூட விடல டாக்டர்."

"காய்ச்சல்?"

இருந்தது. குளிர், முதுகுவலி வேறு. கர்ப்பம் என்றால் அப்படித்தான் என்று வெளியூரிலிருந்தே கணவன் வைத்தியம் சொல்லி முடித்திருந்தான். மெடிக்கல் ஷாப் முதலாளி அல்லவா... பாதி டாக்டர் என்று நினைப்பு!

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். தொற்று கிட்னிவரை ஏறிவிட்டது, இன்னும் விட்டிருந்தால் குறைப்பிரசவம்கூட ஆகியிருக்கும் என்றாள் டாக்டர்.

"ஒண்ணுதான் புரியல. லேப்ல இதே மருந்துக்கு இந்தக் கிருமி செத்துது. உங்க உடம்புல மட்டும் ஏன் சாகல?"

சாகவில்லை என்றால்... ஆயுதம் போலி!

மாத்திரை அட்டையில் மிச்சமிருந்த கேப்ஸ்யூலை இன்ஸ்பெக்டர் பிரித்தாள். நாக்கில் வைத்தாள். கசக்கவே இல்லை.

மாவு.

கட்டிலருகே மாமியார். பிள்ளைத்தாய்ச்சிக்கு மாத்திரை எதற்கு என்று முதல் நாளிலிருந்தே முணுமுணுத்தவள். அட்டையை வாங்கி வந்தவளும் அவளே. குற்றவாளி இத்தனை சுலபமாகக் கிடைத்தால் போலீசுக்கு என்ன வேலை?

கணவன் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தான். கண்ணில் நீர், கையில் பழக்கூடை. அக்கறைக்குக் குறைவே இல்லை!

"உங்கம்மா மாத்திரையை மாத்திட்டாங்க போலிருக்கு," என்றாள் இன்ஸ்பெக்டர்.

மாமியார் வெடித்தாள்.

"நான் எதுக்குடா மாத்துறேன்? நம்ம கடை அட்டையை அப்படியே கொண்டு வந்து கொடுத்தேன்."

அவன் முகம் வெளுத்தது.

"கடை அட்டையா? ஐயோ அம்மா... வீட்டுக்குன்னு நல்லதா பீரோவுல தனியா வெச்சிருக்கேனே!"



சொன்னது என்னவென்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. அவள் வயிற்றில் குழந்தை உதைத்தது. ஒரே ஒரு கணம் அவள் கண் கலங்கியது.

"அது நல்லதுன்னா... கடையில இருக்கிறது என்னங்க? என்னை மாதிரி எத்தனை பேர் வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து அதை வாங்கிட்டுப் போனாங்க?"

டிரிப்ஸ் ஏறாத கையால் ஸ்டேஷனுக்கு டயல் செய்தாள்.

அன்றே கடைக்கு சீல் விழுந்தது. அங்கே வாங்கிய கர்ப்பிணிகளை எல்லாம் தேடிப்பிடித்து, மறுபடி டெஸ்ட் எடுத்து, நிஜ மருந்து கொடுத்தார்கள். அவளுக்கும் காய்ச்சல் இறங்கியது. அடுத்த டெஸ்டில் கிருமி இல்லை. குழந்தையின் இதயத்துடிப்பு கம்பீரமாகக் கேட்டது.

டிஸ்சார்ஜ் ஆனதும் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குத்தான் போனாள். லாக்கப் கம்பிக்குப் பின்னால் கணவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"எனக்குக் காய்ச்சல் நெருப்பா கொதிக்குது. ஏதாவது மாத்திரை கொடுக்கச் சொல்லேன்..."

"அதுக்கென்னங்க... உங்க கடையில பிடிச்ச மாவு மாத்திரை மூட்டை மூட்டையா இருக்கு. கொதிக்கிற சூட்டுல ரெண்டு ரொட்டியே சுட்டுடலாம்!"